ஏட்டில் ஏறாத மணம்: பாசியினத் தாவரங்களின் வாசனை ஆராயப்பட்ட வரலாறு

தாவரங்களைப் பற்றி நாம் நூல்களிற் படிக்கும் அறிவு பெரும்பாலும் கண்ணால் எழுதப்பட்ட அறிவேயாகும். இலையின் வடிவம், பூவிதழின் எண்ணிக்கை, வித்தின் அமைப்பு என்பவற்றைக் கண்டு, வரைந்து, பெயரிட்டு, ஏட்டிலேற்றும் பணி கடந்த முந்நூறு ஆண்டுகளில் வியக்கத்தக்க அளவு நடந்தேறியுள்ளது. ஆனால் மூக்கு உணரும் செய்தியை ஏட்டிலேற்றுதற்கு நெடுங்காலம் வழி இருக்கவில்லை. சந்தனம், மல்லிகை, ஏலம், கறுவா என மனிதன் விலை கொடுத்து வாங்கும் மணங்கள் சில இதற்கு விலக்காகும். விலை பெறாத சிறு செடிகளின் மணத்தைப் பொருட்படுத்தியவர் அரியர். அத்தகைய சிறு செடிகளுள் மிகப் பழையனவும் மிகப் புறக்கணிக்கப்பட்டனவும் பாசியினத் தாவரங்களே. அவற்றின் மணம் ஏட்டிலேறாது நின்றது ஏன், பின்னர் ஏறியது எவ்வாறு, அந்த வரலாற்றில் நம் நாட்டுக்குரிய இடம் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாசி என்னும் சொல்

தமிழில் ‘பாசி’ என்னுஞ் சொல் பரந்த பொருளுடையது. நோன்புக் காலத்தில் நம்மூர் இல்லங்களிற் காய்ச்சி உறையவைக்கப்படும் கடற்பாசி, கடலில் வளரும் அல்காக்களிலிருந்து பெறப்படுவது. மருந்துச் சரக்காகவும் கறிச் சரக்காகவும் பயன்படும் கற்பாசி ஓர் இலைக்கன். அது பங்கசும் அல்காவும் கூடி வாழும் கூட்டுயிர் என்பதை 1860களிற் சுவிற்சர்லாந்து அறிஞர் சுவெண்டெனர் எடுத்துக்காட்டினார். குளத்து நீரிற் படரும் பச்சை நூல்களும் அல்காக்களே. ஈண்டு நாம் ஆராயப் புகுந்தவை இவற்றின் வேறானவை. மெய்ப்பாசிகள், ஈரலுருத் தாவரங்கள், கொம்புத் தாவரங்கள் என்னும் முப்பிரிவினவாகிய அவற்றைத் தாவரவியலார் பிரயோபீற்றாக்கள் என ஒருங்கே வழங்குவர். உலகில் ஏறத்தாழ 20,000 இனங்கள் இவற்றுள் அடங்கும்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய நம் கரையோர ஊர்கள் வரண்ட வலயத்தைச் சார்ந்தவை. எனினும் ஐப்பசியில் வாடைக்காற்றோடு மாரி தொடங்கிய சில நாட்களில், கோடை முழுதும் கருகிக் கிடந்த கிணற்றுக்கட்டும், மதிலின் நிழற்பக்கமும், பழைய ஓட்டுக்கூரையும் பசுமை பூணுகின்றன. அப்பசுமையுட் பெரும்பங்கு மெய்ப்பாசிகளுடையது. இவற்றுக்கு உண்மையான வேரில்லை, பெருந்தாவரங்களில் நீரை மேலேற்றும் குழாய்த் தொகுதியும் இல்லை, பூவுமில்லை, வித்துமில்லை. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரைவிட்டு நிலத்திலேறிய முதற்றாவரங்களின் வழிவந்த மிகப் பழைய கிளையினர் இவர்கள்.

பூவில்லாத செடிக்கு மணமேது என்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் ஈரலுருத் தாவரம் ஒன்றை விரலிடை வைத்துக் கசக்கினால், இனத்துக்கேற்பக் கற்பூரம்போலவோ, காளான்போலவோ, சிலவேளை சகிக்கவொண்ணாத நாற்றமாகவோ ஒரு வாசனை எழும். சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றிற் கலக்கும் சிறு மூலக்கூறுகளாலான ஆவிப்பறப்புள்ள சேர்வைகளே இவ்வாசனைக்குக் காரணமாகும். அவற்றுட் பல தேப்பீன்கள் எனப்படும் குடும்பத்தன. ஐந்து காபன் அணுக்களைக் கொண்ட அலகுகள் இரண்டு சேர்ந்தால் பத்துக் காபன் தேப்பீனும், மூன்று சேர்ந்தால் பதினைந்து காபன் தேப்பீனும் உருவாகும். கற்பூரத்தின் மணமும் சந்தனத்தின் மணமும் இக்குடும்பத்தைச் சார்ந்தவையே.

கண் எழுதிய ஏடு

தாவரப் பெயரீட்டின் தந்தையெனப் போற்றப்படும் சுவீடன் நாட்டு இலின்னேயசு மணத்தை அறியாதவரல்லர். 1752ஆம் ஆண்டில் மருந்துப் பொருள்களின் வாசனைகளை ஏழு வகுப்புகளாகப் பிரித்து அவர் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டாகிய 1753இல் அவருடைய புகழ்பெற்ற தாவர இனநூல் வெளிவந்தது. முதனூலில் மூக்குக்கு இடமளித்த அதே அறிஞர், அடுத்த நூலில் பூவின் உறுப்புகளை எண்ணியே தாவரங்களை வகுத்தார். பூவற்ற பாசிகள் ‘மறைமணத் தாவரங்கள்’ என்னும் இறுதி வகுப்பில் ஒதுக்கப்பட்டன. பின்னர் எட்விக்கு என்னும் அறிஞர் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு பாசிகளின் இனப்பெருக்க உறுப்புகளைத் தெளிவுபடுத்தினார். 1801இல் வெளிவந்த அவரது நூல் பாசியியலுக்கு அடித்தளமாயிற்று. அதுவும் கண்ணின் வெற்றியே.

இலங்கையில் இப்பணி பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து நடந்தது. 1849ஆம் ஆண்டு அதன் பொறுப்பை ஏற்ற துவெயிற்சு, இங்கிலாந்துக்கு மீளாமலே 1882இற் கண்டியில் மறைந்தார். இந்நாட்டுப் பூக்குந் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அவர் பாசிகளையும் ஈரலுருக்களையும் திரட்டி உலர்த்தித் தாட்பொதிகளில் இட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு அவற்றை ஆராய்ந்தவர் வில்லியம் மிற்றன். இவ்விருவர் பெயரிலும் இலங்கையின் பாசிகளும் ஈரலுருக்களும் பற்றிய பட்டியல் 1873ஆம் ஆண்டு இலண்டன் இலின்னேயக் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. நம் நாட்டுப் பாசிகளுக்கு உலக அறிவியலில் முகவரி தந்த ஆவணம் அதுவே.

மிற்றன் தொழிலால் மருந்து வணிகர். சசெக்சுப் பகுதியிலுள்ள ஊரொன்றில் மருந்துக்கடை நடத்தி வந்தவர். மருந்துச் சரக்குகளை மணத்தாற் பிரித்தறிவது அத்தொழிலின் முதற்பாடம். அத்தகைய மூக்குடைய ஒருவரின் மேசைக்கே நம் மலைநாட்டுப் பாசிகள் சென்றடைந்தன. ஆனால் சென்றவை உலர்ந்த உடல்கள். பசிய நிலையில் அவற்றைக் கசக்கி முகரும் வாய்ப்பு, இலங்கை மண்ணை மிதியாத அவருக்குக் கிட்டவில்லை. உலர்த்துங்கால் வடிவம் நிற்கும். இலையின் பல்லும் நரம்பும் நூறாண்டு கழிந்தாலும் எண்ணத்தக்கவையாய் இருக்கும். ஆவிப்பறப்புள்ள பொருளோ தன் பெயருக்கேற்பப் பறந்துவிடும். பல ஈரலுருக்களில் எண்ணெயைத் தாங்கிய நுண்ணுறுப்புகள் உலர்ந்த சிலகாலத்திலேயே உருத்தெரியாமற் போகின்றன. எனவே கப்பலேறிச் சென்ற அறிவு பாதியறிவாகவே சென்றது. இதிற் குறை கூறத்தக்கவர் எவருமிலர். அக்காலத்து அறிவியல் தொலைவிலிருந்து செய்யப்பட்டது, தாளில் ஒட்டக்கூடியதையே அதனாற் சேமிக்க முடிந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

மணம் ஏட்டிலேறிய வழி

இலங்கைப் பட்டியல் வெளிவந்த மறு ஆண்டாகிய 1874இல் ஜேர்மனிய அறிஞர் வில்ஹெல்ம் பெஃபர், ஈரலுருக்களின் உயிருள்ள கலங்களை ஆராய்ந்து, அவற்றுள் மினுங்கும் துளிகளை ‘எண்ணெயுடல்கள்’ எனப் பெயரிட்டு விளக்கினார். ஈரலுரு இனங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் இவ்வுறுப்பைக் கொண்டவை. மெய்ப்பாசிகளிலும் கொம்புத் தாவரங்களிலும் இது இல்லை. 1888இல் எர்ன்சுட்டு சுட்டால் என்பார், நத்தைகள் ஈரலுருக்களை உண்ணாது ஒதுக்குவதையும், மதுசாரத்தில் ஊறவைத்து அப்பொருள்களை நீக்கியபின் உண்பதையும் கண்டு, இவ்வெண்ணெய் செடியின் காவலாகும் எனக் கருதினார். 1905இல் கார்ல் முல்லர் ஈரலுருக்களின் ஆவிப்பறப்புள்ள எண்ணெய்களை இரசாயன முறையில் ஆராய்ந்தார். ஆயினும் கைப்பிடிச் செடியிற் கிடைக்கும் ஒருதுளி எண்ணெயுள் பல பத்துச் சேர்வைகள் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தறிய அன்று கருவியில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகள் பெரும் முன்னேற்றமின்றிக் கழிந்தன.

அக்கருவி 1952ஆம் ஆண்டில் வந்தது. யேம்சு, மாட்டின் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் வாயு நிறப்பதிவியல் முறையை அவ்வாண்டில் வெளியிட்டனர். ஆவியான கலவையை நீண்ட குழாயொன்றினூடு செலுத்தும்போது ஒவ்வொரு சேர்வையும் தனக்குரிய நேரத்தில் தனித்தனியே வெளிவரும். பின்னர் இதனோடு திணிவு நிறமாலைமானி இணைக்கப்பட்டது. வெளிவரும் சேர்வை இன்னதென அது காட்டிற்று. அதன்பின் மணத்தையும் ஏட்டிற் பதிக்க முடிந்தது.

இப்புதுமுறையைப் பாசியினத்தின்மேற் பேரளவிற் செலுத்தியவர் யப்பானின் தொக்குசிமா நகரைச் சார்ந்த பேராசிரியர் யொசினோரி அசகாவா. 1970கள் தொட்டு அவரும் அவர் மாணவரும் ஈரலுருக்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேர்வைகளை விவரித்தனர். அவர் நாவையும் கருவியாகக் கொண்டார். பொரெல்லா என்னும் ஈரலுருவின் சில இனங்கள் மிளகாய்போற் காரமானவை. அக்காரத்துக்குப் பொலிகோடியால் என்னும் பதினைந்து காபன் சேர்வை காரணமென்பது அவ்வழியில் நிறுவப்பட்டது.

இவ்வாய்வுகள் தந்த முடிபுகளுள் மூன்று குறிப்பிடத்தக்கன. முதலாவது: தோற்றத்தில் ஒன்றேபோலிருக்கும் செடிகள் மணத்தில் வேறுபடலாம். யப்பானில் கொனோசெபலம் என்னும் ஈரலுரு ஓரிடத்தில் சபினீனையும், வேறோரிடத்தில் போர்னைல் அசற்றேற்றையும், இன்னோரிடத்தில் மெதைல் சினமேற்றையும் முதன்மைப் பொருளாகக் கொண்டு மூவகையாய் இருத்தல் அறியப்பட்டது. கண் ஒன்றெனக் கண்டதை மூக்கு மூன்றெனக் காண்கிறது. இரண்டாவது: ஈரலுருக்களின் பதினைந்து காபன் தேப்பீன்கள் பல, பெருந்தாவரங்களின் அதே சேர்வைகளுக்கு ஆடிப்பிம்பமாக அமைந்துள்ளன. வலக்கையும் இடக்கையும் உறுப்பில் ஒத்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாதிருத்தல் போன்றது இது. மூன்றாவது: மழைக்குப்பின் எழும் மண்மணத்துக்குக் காரணமான சேர்வை 1965இற் பிரித்தெடுக்கப்பட்டுச் சியோசுமின் எனப் பெயர்பெற்றது. அதனை ஆக்குவோர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே. ஆயினும் நுண்ணுயிர் யாதும் அணுகாதவாறு ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட சிம்பியோசைனா என்னும் ஈரலுருவிலும் அச்சேர்வை உண்டென 1991இல் அறியப்பட்டது.

ஆய்வுகூடத்துக்கு முன்பே உடலால் இவ்வுண்மையை அறிந்தோரும் உளர். பிரான்சு நாட்டு மரம்வெட்டிகளுக்குக் கையிலும் முகத்திலும் கொடிய தோலழற்சி உண்டாவது வழக்கம். மரமே அதற்குக் காரணமெனப் பலர் எண்ணினர். மரப்பட்டையில் ஒட்டிவளரும் புறுலானியா என்னும் ஈரலுருவின் புறுலனோலைட்டு என்னும் சேர்வையே அதனை விளைவிப்பதென 1969இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சேர்வைக்குப் பெயரிட்டவர் இரசாயனவியலார். அதன் வலிமையை முதலில் அறிந்தது உழைப்பாளரின் தோல். மணத்தைச் செடியின் பெயரிலேயே பதித்துவிட்ட தாவரவியலாரும் உண்டு. வெப்ப நாட்டு ஈரலுரு ஒன்றுக்குச் சிவ்னர் என்னும் ஆத்திரிய அறிஞர் இட்ட சிறப்புப்பெயரின் பொருள் ‘மிகமிக நாறுவது’ என்பதாம். கசக்கிப் பார்த்தவரன்றி அப்பெயரை வேறெவர் இட்டிருப்பார்!

மணம் யாருக்கு

மனிதன் முகர்வதற்கென்று இச்செடிகள் மணத்தை ஆக்கவில்லை. அவ்வாறாயின் யாருக்காக ஆக்கின?

சுட்டாலின் கருத்து 130 ஆண்டுகளுக்குப் பின் உறுதிபெற்றது. மாக்காந்தியா என்னும் ஈரலுருவில், எண்ணெயுடல்கள் தோன்றுதற்குரிய பரம்பரையலகு செயலிழந்த செடிகளை வளர்த்து, அவற்றைச் சிறு மூட்டுக்காலி உயிர்களின் முன் இட்டபோது, காவலிழந்த செடிகளை அவை மிகுதியாய்த் தின்றன என 2020ஆம் ஆண்டு ஆய்வுகள் தெரிவித்தன.

மெய்ப்பாசிகளின் கதை வேறு. எண்ணெயுடல் இல்லாவிடினும் அவை காற்றிற் சேர்வைகளை விடுகின்றன. தாவரங்கள் ஐசோபிரீன் என்னும் ஐந்து காபன் வாயுவை வெளிவிடுதலை 1957இல் ஜோர்ஜிய நாட்டுச் சனாட்சே கண்டறிந்தார். பெருந்தாவரங்களில் அது இலையைக் கடுவெப்பத்திலிருந்து காக்க உதவுகிறதென்பர். பாசிகளிலும் அவ்வெளியீடு உண்டென்றும், ஆராயப்பட்ட ஈரலுருக்களிலும் கொம்புத் தாவரங்களிலும் இல்லையென்றும் 1999இல் அமெரிக்க ஆய்வாளர் தெரிவித்தனர். நீரின் தண்மையை விட்டுச் சூடேறும் நிலத்துக்கு வந்த தாவரங்கள் கைக்கொண்ட பழைய காவல்களுள் இதுவும் ஒன்றாகலாம்.

இவற்றினும் வியப்புக்குரியது இனப்பெருக்கம் பற்றிய செய்தி. பாசியின் ஆண்புணரி நீரில் நீந்தியே பெண்செடியை அடையவேண்டும் என்றும், இடையில் நீர்ப்படலம் அற்றால் வழியற்றது என்றும் பாடநூல்கள் கற்பித்தன. 2006இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார், நகரச் சுவர்களில் உலகெங்கும் வளரும் வெள்ளிப்பாசியின் ஆண்செடிகளையும் பெண்செடிகளையும் 2 சென்ரிமீற்றர், 4 சென்ரிமீற்றர் இடைவெளியிட்டு வைத்தனர். தனியே விடப்பட்டபோது கருக்கட்டல் நிகழவில்லை. துள்ளுவாற் பூச்சிகளும் நுண்ணுண்ணிகளும் விடப்பட்டபோது நிகழ்ந்தது. துள்ளுவாற் பூச்சிகளாவன வாலடியிலுள்ள கவையால் உந்தித் துள்ளும், மில்லிமீற்றர் அளவான மண்ணுயிர்கள். 2012இல் அமெரிக்காவின் போட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதற்குரிய தூண்டுதலைக் காட்டினர். செரற்றோடன் என்னும் பாசியின் ஆண்செடியும் பெண்செடியும் வேறுவேறு மணக்கலவைகளை விடுகின்றன. பெண்செடியின் கலவையே வகையில் மிகுந்தது. துள்ளுவாற் பூச்சிகள் அதனையே நாடிச் செல்கின்றன. பூவுக்கும் வண்டுக்கும் உள்ள உறவை ஒத்த ஓர் உறவு பூவேயில்லாத செடியிலும் உண்டென்பது இதனாற் புலப்பட்டது. குளிர்நாட்டுச் சதுப்புகளில் விலங்கின் சாணத்தில் வளரும் சிப்ளாக்னம் என்னும் பாசி, தன் நாற்றத்தாலும் நிறத்தாலும் ஈக்களை அழைத்து, ஒட்டும் வித்திகளை அவற்றின்மேல் ஏற்றிப் புதுச்சாணத்துக்கு அனுப்புவதும் இவ்வகையினதே.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுப்பது யாவரும் அறிந்ததே. தாவரம் தொடுகை ஒன்றேயுடைய ஓரறிவுயிர். எறும்பும் கறையானும் நாவும் மூக்கும் உடன்பெற்ற மூவறிவுயிர். அவ்வகுப்பில் மூக்கு, கண்ணுக்கும் செவிக்கும் முன்வந்த அறிவாக வைக்கப்பட்டுள்ளது. இன்றைய அறிவியல் அதனோடு ஒரு குறிப்பைச் சேர்க்கின்றது. முகரும் அறிவு இல்லையென வைக்கப்பட்ட ஓரறிவுயிர், முகரும் உயிரை மணத்தால் அழைத்துத் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது.

நம் நாட்டிற் செய்யவேண்டியது

துவெயிற்சுக்குப் பின் இலங்கைப் பாசியியலை மீள நிறுவியவர் இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபயவிக்கிரம. ஈரலுருச் சாதிகள் பற்றிய அவரது ஆய்வு 1959இலும், பாசிச் சாதிகள் பற்றியது 1960இலும் வெளிவந்தன. 1978இல் யான்சன் என்பாரோடு சேர்ந்து அவர் இருவகைக்கும் இனப்பட்டியல்கள் வெளியிட்டார். இவற்றால் நம் நாட்டில் எவை வளர்கின்றன என்பது பெரிதும் தெரிந்தது. அவை எவ்வெவற்றை மணக்கின்றன, ஏன் மணக்கின்றன என்பது அடுத்த வினா. இவ்வினா நம் பாசிகளுட் பெரும்பாலானவற்றைப் பொறுத்தவரை இனிமேற்றான் கேட்கப்படவேண்டும்.

இதிற் காலந்தாழ்த்தல் தகாது. நம் பாசிச் செல்வத்தின் பெரும்பகுதி முகில் தவழும் மலைக்காடுகளிலேயே உளது. கோப்பிப் பயிர்ச்செய்கை மலைகளை விழுங்கிவந்த காலத்தில், 1873ஆம் ஆண்டு, கியூப் பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென்று பரிந்துரைத்தார். மிற்றனின் பட்டியல் வெளிவந்த அதே ஆண்டு அது. அவ்வுயரத்துக்குக் கீழிருந்த காடுகளிற் பெரும்பகுதி முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் இடங்கொடுத்தது. எஞ்சிய உயர்காட்டின் ஒருபகுதி 1988இல் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. ஆயினும் அச்சமவெளியில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போதல் பல ஆண்டுகளாக அவதானிக்கப்பட்டு வருகிறது. மரம் பட்டால் அதன் பட்டையில் வாழ்ந்த பாசிகளும் ஈரலுருக்களும் அழியும். உலர்ந்த மாதிரி பேராதனையிலோ இலண்டனிலோ எஞ்சியிருக்கக்கூடும். அதைக்கொண்டு வடிவத்தை மீளக் காணலாம். மணம் போனது போனதே.

பயன் கருதுவோருக்கும் ஒரு செய்தியுண்டு. 2014இல் டென்மார்க்கு ஆய்வாளர் ஆய்வுகூடப் பாசியொன்றின் பரம்பரையலகுகளில் மாற்றஞ்செய்து, சந்தனத்துக்குரிய சந்தலீனையும் பச்சுளி எண்ணெயின் மணப்பொருளையும் அப்பாசியில் ஆக்கிக்காட்டினர். அவ்வெண்ணெய்க்கு மேனாட்டார் வழங்கும் பெயர் பச்சிலை என்னும் தமிழ்ச்சொல்லோடு தொடர்புடையதென அகராதிகள் கூறும். சந்தனமும் பச்சிலையும் நம் பண்பாட்டில் நெடுங்காலம் பயின்ற மணங்கள். அவற்றை ஆக்கப் பாசி உதவுமென்றால், பாசி தானே ஆக்கும் மணங்களை அறியாதிருத்தல் நமக்குப் பெருமையாகாது.

ஏழைப் பாடசாலையில் வாயு நிறப்பதிவுக் கருவி எங்கே என்று மாணவர் வினவலாம். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகின்றது. அத்தகைய நிலையங்களின் பணி கருவியால் அளப்பது. ஆனால் அளப்பதற்கு முன் அவதானிப்பவர் வேண்டும். மாரி தொடங்கும் நாள் எது, எந்த மதிலின் எந்தப் பக்கம் முதலிற் பசுக்கிறது, வயல் காயும்போது வரப்போரச் சேற்றில் வட்டமாய்ப் படரும் சிறு ஈரலுரு எத்தனை நாள் நிற்கிறது, கசக்கினால் எதனை ஒத்து மணக்கிறது, காலையில் மணப்பது நண்பகலிலும் மணக்கிறதா என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுத நுணுக்குக்காட்டியும் வேண்டியதில்லை. நகத்தளவு செடி போதும், மதிலைச் சுரண்டவேண்டியதில்லை. ஒரு வகுப்பு மாணவர் மூன்று மாரிக்காலம் தொடர்ந்து இவ்வாறு எழுதிவைப்பின், பின்வரும் ஆய்வாளருக்கு அது தொடக்கநூலாகும்.

துவெயிற்சும் மிற்றனும் தம் காலத்துக் கருவிகளைக் கொண்டு தம்மால் இயன்றதைச் செய்து சென்றனர். உயிருள்ள செடியின் அருகில் வாழ்தல் என்னும் ஒரு பேறு மிற்றனுக்கு வாய்க்கவில்லை. அது நமக்கு வாய்த்திருக்கிறது. அவர்தம் பட்டியலில் இடம்பெறாத அப்பத்தியை எழுதவேண்டியவர் இம்மண்ணின் மாணவரே.